தெருவே நெய்த சேலை

காலை ஆறு இருபது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவின் நடுவே நான்கு பேர் ஒரு பட்டுச் சேலையை நீளவாக்கில் விரித்துப் பிடித்திருந்தார்கள். நான் முதலில் பார்த்தது அதன் குறுக்கே ஓடிய பட்டைகளை. சேலை மாம்பழ நிறம். கரையும் அதே நிறம், ஓரத்தில் மட்டும் மெல்லிய சரிகை. ஒரே நூல், ஒரே சாயம். ஆனாலும் வெயில் சாய்வாக விழுந்தபோது ஒரு முழம் அடர்ந்தும், அடுத்த முழம் வெளிறியும், அதற்கடுத்தது பளபளத்தும் தெரிந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்ததுபோல் இருந்தது. நிழல் விழ அங்கே ஜன்னல் எதுவும் இல்லை.

அன்று பதினோரு மணிக்கு அந்தச் சேலையை எடுத்துப்போகச் சென்னையிலிருந்து கார் வரவிருந்தது.

அது தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். அந்தத் தெருவில் நெசவாளர் பிள்ளைகளுக்காக ஒரு மாலைநேரப் படிப்பகம் நடந்தது. சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு டீச்சர் ஒருவர் பள்ளி விட்டதும் மொபெட்டில் வந்து நடத்துவார். அதைப் பற்றிச் சிறிய செய்தி ஒன்று எழுதப் போன என்னை, "எழுதத் தெரிஞ்சவா ஒருத்தர் வேணும்" என்று கமிட்டியில் சேர்த்துவிட்டார். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது என் வேலையாயிற்று.

காஞ்சிபுரத்தில் கொடுப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. கொடுத்தது தெரிய வேண்டும், அவ்வளவுதான். படிப்பகத்தின் இரண்டு குழல் விளக்குகளில் ஒன்று ஒரு மளிகைக்கடைக்காரரின் உபயம். அவர் பெயர், தகப்பனார் பெயர், கடை இருக்கும் தெரு எல்லாவற்றையும் சிவப்பு பெயிண்டில் எழுதியதில், வெளிச்சம் வர மிச்சமிருந்த இடம் குறைவு. "இதுக்குக் கீழ உக்காந்து படிக்கிற பிள்ளை அவரோட அட்ரஸைத்தான் மனப்பாடம் பண்ணும்" என்பார் டீச்சர். மின்விசிறியின் இறக்கைகளிலும் பெயர் இருந்தது. ஓடும்போது படிக்க முடியாது என்பதால், கொடுத்தவர் வரும்போது விசிறியை நிறுத்திவைப்போம்.

பெஞ்சு, கரும்பலகை, தண்ணீர்ப் பானை எல்லாம் இப்படித்தான் வந்தன. கல்லூரிக் கட்டணம் மட்டும் வராது. அதன்மேல் பெயர் எழுத இடம் இல்லை.

எங்களுக்கு அந்த ஆண்டு வேண்டியிருந்தது கல்லூரிக் கட்டணம்தான். படிப்பகத்தில் படித்துப் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி முடிவதற்குள் முதல் ஆண்டுப் பணத்தைக் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அப்பா நெசவாளர். ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுக் கடைகளில் விற்பனை கிடையாது, தெருவில் பாதித் தறிகளுக்கு வேலை கிடையாது. யாரிடமும் கேட்கக்கூடிய மாதமே அல்ல. நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக இரண்டு பேர் சுவர்க் கடிகாரம் தர முன்வந்தார்கள்.

பிறகு சென்னையில் ஒரு பெண்கள் சங்கத்தின் செயலாளர் பதில் போட்டார். அவர்கள் ஆண்டுதோறும் ஒரு மண்டபத்தில் பொருள்களை ஏலம் விட்டு, வரும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குத் தருகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டுச் சேலை கொடுத்தால் அது போகும் விலை அந்தப் பெண்ணுக்கே, குறைந்தால் மீதியைச் சங்கம் போடும் என்று எழுதியிருந்தார். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்காரர் ஒருவர் பட்டும் சரிகையும் தர ஒப்புக்கொண்டார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், இரண்டு சேலைக்கு வந்தது. அதற்குக் குறைவாகத் தறியில் ஏற்றுவதில்லையாம். "ஒண்ணு இதுக்கு. இன்னொண்ணு பின்னால ஏதாவது நல்ல காரியத்துக்கு" என்றார்.

நெய்வது யார் என்பதைப் பேசப் படிப்பகத்தில் கூடினார்கள். தெருவிலேயே சீரான கை அந்தப் பெண்ணின் அப்பாவுடையது. டீச்சர் அவரைத்தான் கேட்டார்.

"என் பொண்ணுக்கு நானே நெய்ஞ்சு குடுத்தா அதுக்குப் பேரு தர்மமாம்மா? அது என் வூட்டுச் செலவு" என்றார் அவர். "மத்தவங்க குடுக்கறதா இருந்தா குடுக்கட்டும். நான் அந்தத் தறியில கை வெக்க மாட்டேன்."

மூலை வீட்டு அக்கா எழுந்தார். அவரும் நெசவு செய்பவர். வாய் கொஞ்சம் அதிகம். அவர் வீட்டில் ஒரு தறி அப்போது காலியாக இருந்தது. "அப்போ நாங்க நெய்யறோம். வீட்டுக்கு ஒரு மொழம். எங்க வூட்டுத் தறியில ஏத்துங்க."

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். இந்த ஊரில் அது இயல்பு. திருவிழாவில் ஒவ்வொரு நாள் வாகனமும் ஒரு தெருவின் உபயம், ஒவ்வொரு படையலும் ஒரு குடும்பத்தின் உபயம். பங்கு கேட்டு வந்தவரை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. சேலையையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். முந்தானை யாருக்கு என்பதில் மட்டும் பேச்சு நீண்டு, கடைசியில் பிள்ளையார் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நெசவு தெரியாத நான் பின்னால் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நாடா ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும், நெசவாளர் பலகையை இழுத்து அடித்து நூலை நெருக்குகிறார். அந்த அடியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பலமாக அடித்தால் துணி இறுகி அடர்ந்து தெரியும், மெதுவாக அடித்தால் வெளிறும். அதனால்தான் ஒரு சேலையைத் தொடங்கிய கையே முடிக்க வேண்டும். அந்தத் தெருவில் நாடாவைத் தொட்ட அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் உன் கை வேறு, நீ நெய்யாதே என்று யார் சொல்வது? எல்லாருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று பூவேலை இல்லாத வெறும் உடலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெறும் உடலில்தான் கை மிக நன்றாகத் தெரியும். நெய்த துணி அவ்வப்போது தறியின் முன்கட்டையில் சுருண்டுபோய்விடும், அறையும் இருட்டு. முழுச் சேலையையும் வெளிச்சத்தில் பார்த்தது அந்தக் காலையில்தான்.

முதலில் வாய் திறந்தவர் அக்கா. "இது யாருது? இரும்புத் தகடு கணக்கா அடிச்சி வெச்சிருக்கு."

"மூணாவது வூடு. அன்னிக்கு அவன் மாமியா வந்திருந்துச்சி" என்றார் சேலையின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்.

"மாமியாவ ஏம்பா இழுக்கற" என்றார் மூன்றாவது வீட்டுக்காரர். "அதுக்கு அடுத்தத பாரு, கொசுவலை. மாமா தூங்கிக்கினே நெய்ஞ்சிருக்காரு."

மாமா என்று தெருவே அழைக்கும் வயதானவர் தன் முழத்தைக் குனிந்து பார்த்தார். "சளிக்கு மாத்திரை போட்டுக்கினு இருந்தேன்பா. இன்னா பண்றது."

"என்னுது இது இல்ல" என்றார் மறுமுனைக்காரர், அடுத்த பட்டையைக் காட்டி.

"உன்னுது தாம்பா. ஊர்ல வேற யாருக்கு இந்தக் கை வரும்?"

எனக்கு வெறும் பட்டைகளாகத் தெரிந்ததில் அவர்கள் வீடு வீடாகப் படித்துக்கொண்டு போனார்கள். பெண்ணின் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சிரிக்கவில்லை.

"மடிச்சிக் குடுத்தா தெரியாது" என்றார் அக்கா, சிரிப்பு அடங்கியதும்.

"மடிச்சாத் தெரியாது. கட்டினா?" என்றார் பெண்ணின் அப்பா.

பதினொன்றேகாலுக்கு வந்த செயலாளர் அம்மா படிப்பகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த காபியை முழுக்கக் குடித்தார். சேலையைப் பிரித்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. இந்த ஷேடிங் கடைகள்ல எங்கயும் பார்த்ததில்லையே. இந்த டிசைனுக்கு என்ன பேரு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. அக்கா, "அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தார்.

"டிசைன் இல்லம்மா" என்றார் பெண்ணின் அப்பா. "தப்பு."

பிறகு அவரே விளக்கினார். எந்த வீடு எந்த முழம் என்று சொல்லாமல், பல பேர் நெய்ததால் அடி மாறியது என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவுக்கு வருத்தமில்லை, சந்தோஷம்.

"அப்படீன்னா இன்னும் நல்லதாச்சே. ஒரு பொண்ணு படிக்கணும்னு ஒரு தெருவே சேர்ந்து நெய்திருக்கு. மேடையில இதைச் சொன்னா ரெண்டு மடங்குக்குப் போகும்."

"மேடையில சொல்லுவீங்களா?" என்று கேட்டார் மூன்றாவது வீட்டுக்காரர்.

"தெரு பேரைச் சொல்லியே சொல்லுவோம்."

"அப்ப வாணாம்மா." அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "பட்டு தெரிஞ்சவங்க நாலு பேராவது அங்க இருப்பாங்க. பிள்ளையார்பாளையத்துல இப்ப இப்டித்தான் நெய்யறாங்கன்னு சொல்லுவாங்க. எங்க பொழப்பே இதுதாம்மா."

"குறை இருந்தா என்ன? நல்ல மனசோட செஞ்சது இல்லையா?"

"மனசு நல்லாத்தான் இருக்குது" என்றார் அக்கா. "சேலை நல்லா இல்லையே."

செயலாளர் அம்மா சேலையை மடித்து டீச்சரிடம் கொடுத்தார். ஏலம் அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு. அதற்கு முந்தின நாள் மாலைக்குள் வேறு சேலை வந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொண்டுவந்த பையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

தெருக்குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னிடம் சொன்னாள்: "ஒரு நிமிஷம் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம் சார் இவரு. டிசைன்னு அவங்களாத்தான் சொன்னாங்க. நாம்பளா சொன்னோம்?"

கார் போனதிலிருந்து நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் டீச்சரும் நானும் காந்தி ரோட்டுக்குப் போனோம். அந்தச் சேலையைக் கடைக்காரரே வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டோம்.

"நான் குடுத்த பட்டை நானே வாங்கினா, நான் குடுத்தது என்ன ஆச்சு?" என்றார் அவர். "ரெண்டாந்தரம்னு வெச்சி வித்துத் தரேன். ஆனா ஆவணி பொறக்கட்டும் டீச்சர். இப்ப கடைக்கு ஈதான் வருது."

ஆவணியில் விற்றுப் பயனில்லை. தவிர, தங்கள் கை காந்தி ரோட்டில் தொங்குவதைத் தெருவில் யாரும் விரும்பவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகள் எல்லாரும் நடக்கும் தெரு அது.

அன்று மாலை விளக்கு வைத்ததும் மறுபடி கூடினார்கள். அக்கா வீட்டுத் தறியில் இன்னும் ஒரு சேலைக்குப் பாவு இருந்தது. அக்கா நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"நீதானே வாயைத் தொறந்த. நீயே ஒக்காரு."

"நான் அன்னிக்கே சொன்னேன். என் பொண்ணுக்கு நானே..."

"உன் பொண்ணுக்கு நீ ஒண்ணும் நெய்ய வாணாம். தெருவு மானம் போவாம நெய். பொண்ணு விசயத்தை நாங்க பாத்துக்கிறோம்."

"அப்ப உங்க பங்கு?" என்று கேட்டார் அவர். வேறு எதையும்விட அதுதான் அவரை உறுத்தியது என்று நினைக்கிறேன். பங்கு கொடுக்க வந்தவர்களை ஒரு தறியிலிருந்து எழுப்பிவிட்டு அதில் தான் உட்காருவது.

"கை தெரியாத வேலை எவ்ளோ கெடக்குது" என்றார் மூன்றாவது வீட்டுக்காரர்.

மறுநாள் விடிந்ததும் பெண்ணின் அப்பா அக்கா வீட்டுத் தறியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கை தெரியாத வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். நாடாவுக்குள் வைக்கும் தாரில் ஊடை நூலைச் சுற்றுவது, அறுந்த இழையை முடிந்து கொடுப்பது, தண்ணீர் பிடிப்பது, அவர் வீட்டு ரேஷனை வாங்குவது, அவர் சின்ன மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது. அவர் வீட்டுத் தறியில் முதலாளியின் சேலை ஒன்று பாதியில் நின்றது. தாமதமாகும் என்று சொல்ல இரண்டு பேர் முதலாளி வீட்டுக்குப் போய் வந்தார்கள். அந்தச் சேலையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அவர் சாப்பிட எழுந்த ஒரு மதியம் நான் அங்கே இருந்தேன். மாமா உள்ளே வந்தார், காலித் தறியைப் பார்த்தார், தறிக்குக் கீழே இருக்கும் குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்து நாடாவை ஓட்டத் தொடங்கினார். மூன்று பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

"மாமா, ஏந்திரி."

"ஏந்திரி மாமா, உன் கொசுவலையை நாங்க பாத்தாச்சி."

"பழக்கம்பா" என்றார் மாமா, கூச்சத்தோடு எழுந்து. "தறி காலியா இருந்தா கால் தானா உள்ள போயிடுது."

பெண்ணின் அப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மாமா ஓட்டிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழும் ஒவ்வொரு முறையும் அக்கா, தறியில் உட்காரும் பலகையின் மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்தார்.

பெண்ணும் தார் சுற்றினாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. முதல் சில நாள் அப்பாவிடம் அவள் பேசவே இல்லை. தார் தீர்ந்தால் அவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். அவள் அடுத்ததை அதில் வைப்பாள். ஒரு நாள் மாலை அவள் சுற்றிக்கொண்டே, "மருந்துக் கடைக்காரங்க கம்பவுண்டர்னு கூப்டுவாங்களாமே, பொண்ணை இன்னான்னு கூப்டுவாங்க?" என்று பொதுவாகக் கேட்டாள். "கம்பவுண்டரம்மா" என்றார் அவர், நாடாவை நிறுத்தாமல்.

ஏலத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை சேலையைத் தறியிலிருந்து அறுத்துத் தெருவில் விரித்தார்கள். அதே இடம், அதே வெயில். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாம்பழ நிறம். அக்கா குனிந்தபடியே முழு நீளமும் நடந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது. பேசறதுக்கு ஒண்ணுமே இல்லியே."

சேலையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். மாலைக்குள் சேர்த்தோம். மறுநாள் ஏலத்தையும் பார்த்தோம். செயலாளர் அம்மா தெரு கேட்டுக்கொண்டபடியே நடந்தார். காஞ்சிபுரம் பட்டு, ஒரு மாணவியின் படிப்புக்காக என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பிறகும் ஒரு ஓவியத்துக்கு முன்பும் அது போயிற்று. வாங்கியவர் பிரித்துப் பார்க்கவில்லை. குறைந்ததைச் சங்கம் போட்டது. ஆடி முடிவதற்கு முன் பணம் கட்டப்பட்டது. நான் செய்தி அனுப்பவில்லை. தெருவின் பெயரைப் போடக்கூடாது என்றார்கள். இடத்தின் பெயர் இல்லாமல் செய்தி எழுதினால் எங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் சேலை கொஞ்ச காலம் படிப்பக அலமாரியில் கிடந்தது. எந்தப் பொருளும் சும்மா கிடப்பது டீச்சருக்குப் பிடிக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் மூலைக்கும் சின்னப் பிள்ளைகள் கத்தும் பக்கத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி அதைத் திரையாகத் தொங்கவிட்டார். "பட்டுல திரை போட்ட டியூசன் ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்" என்றார் அக்கா. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அங்கே வருபவர்கள் அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான்.

மாலையில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வரும்போது பட்டைகள் நன்றாகத் தெரியும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மற்றவர்கள் முதல் நாளே காட்டிவிடுவார்கள், இது உங்க அப்பா, இது எங்க பெரியப்பா, இந்தக் கொசுவலை மாமா என்று. பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வீட்டு முழத்துக்கு எதிரில்தான் உட்காருவார்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணின் தங்கை படிப்பகத்தில் சேர்ந்தாள். அவர்கள் அப்பா நெய்த முழம் அந்தத் திரையில் இல்லை. அவள் தினம் ஒரு வீட்டு முழத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள்.